குறிவட்டத்துக்குள் ஒளிந்த பகடை

ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் கேம்களில் ஒரு தோட்டா எங்கே பாய வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கு உரிமை உண்டு. மவுஸையோ கன்ட்ரோலரையோ அசைத்துக் குறிபார்க்கும் ஆட்டக்காரர் ஒருவர். திரைக்குள் துப்பாக்கி பிடித்திருக்கும் கதாபாத்திரம் மற்றவர். ஆட்டக்காரருக்குப் பழகிய கை இருக்கலாம். ஆனால் பாத்திரத்தின் திறன் பட்டியலில் துப்பாக்கிக்கு நேரே நூற்றுக்குப் பதினைந்து என்று இருந்தால், அந்தக் கைப்பழக்கத்துக்கு ஆட்டம் எவ்வளவு இடம் தர வேண்டும்? கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தப் பங்கீட்டை நிறுவனங்கள் பல விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. போகப் போக ஆட்டக்காரரின் பங்கு கூடியது. குறைந்ததாகத் தோன்றும் திறன் எண்ணோ பெரும்பாலும் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

இந்த எண்ணின் பிறப்பிடம் மேசை விளையாட்டு. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒருவர் அம்பு விட்டால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணை, எய்தவரின் லெவலோடும் எதிரியின் கவச எண்ணோடும் அட்டவணையில் ஒப்பிட்டு, அம்பு பட்டதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவரின் கண்பார்வையோ கைநடுக்கமோ கணக்கில் வராது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவரும் அங்கே தேர்ந்த வில்லாளி ஆகலாம். அதன் கவர்ச்சியில் பாதி அதுதான்.

கணினிக்கு வந்தபோதும் பகடை கூடவே வந்தது. இன்டர்பிளே நிறுவனம் 1997-ல் வெளியிட்ட ஃபாலவுட் அதற்கு நல்ல சான்று. சிறு துப்பாக்கி, பெருந்துப்பாக்கி, ஆற்றல் ஆயுதம் என்று அதில் தனித்தனித் திறன்கள். எதிரியின் மேல் சுட்டியை வைத்தால் குண்டு படுவதற்கான வாய்ப்பு சதவீதமாகத் தெரியும். திறன், தூரம், பார்வைக் கூர்மை, வெளிச்சம், எதிரியின் கவசம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தரும். கண்ணைக் குறிவைத்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும், பட்டால் விளைவு கொடூரமாக இருக்கும். எவ்வளவு திறன் ஏறினாலும் உச்சவரம்பு 95 சதவீதம். முறை வைத்து ஆடும் ஆட்டம் என்பதால் இதில் யாருக்கும் குறை தோன்றவில்லை. ஆட்டக்காரர் கட்டளை இடுகிறார், பாத்திரம் சுடுகிறது. தவறினால் பழி பாத்திரத்தின் மேல்.

சிக்கல் தொடங்கியது துப்பாக்கி ஆட்டக்காரரின் கைக்கே வந்த பிறகு. 1993-ல் வந்த டூம், குறிபார்த்துச் சுடும் வேலையை ஆட்டக்காரரிடமே விட்டது. அதில் திறன் பட்டியல் எதுவும் இல்லை. அதே டூம் எஞ்சினைக் கொண்டு ரோக் என்டர்டெயின்மென்ட் 1996-ல் உருவாக்கிய ஸ்ட்ரைஃப், ஊர், உரையாடல், பணிகள் என்று ரோல் பிளேயிங் அம்சங்களைச் சேர்த்ததோடு, நாயகனுக்குக் குறித்திறன் என்ற எண்ணையும் கொடுத்தது. கதை நகர நகர அது உயரும். உயர உயரத் தோட்டாக்கள் சிதறுவது குறையும். இன்று அதிகம் பேசப்படாத ஆட்டம் என்றாலும், பகடையைக் குறிவட்டத்துக்குள் மறைத்து வைக்கும் உத்தியை மிக முன்னதாகக் கையாண்டவற்றில் இது ஒன்று.

அந்த உத்தியின் கணக்கு எளியது. துப்பாக்கி முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கூம்பு முன்னோக்கி விரிவதாக எஞ்சின் வைத்துக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் அந்தக் கூம்புக்குள் ஏதாவது ஒரு திசை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தோட்டா அதில் செல்லும். மையக் கோட்டிலிருந்து 2 பாகை விலகல் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தூரத்தில் தோட்டா அதிகபட்சம் 35 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 50 மீட்டரில் அதே விலகல் ஒன்றே முக்கால் மீட்டர். அறைக்குள் நிற்பவனைத் தவறவிடுவது கடினம், தெருக்கோடியில் நிற்பவன் மேல் படுவது அதிர்ஷ்டம். திறன் எண் செய்வதெல்லாம் கூம்பைக் குறுக்குவது. ஃபாலவுட்டில் சதவீதமாகத் தெரிந்த வாய்ப்பு இங்கே வடிவியலாக மாறிவிடுகிறது. பகடை உருளும் சத்தம் கேட்காததால் ஆட்டக்காரர் அதைத் துப்பாக்கியின் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்.

1999-ல் வந்த சிஸ்டம் ஷாக் 2 வேறு வழியில் போனது. இர்ரேஷனல் கேம்ஸும் லுக்கிங் கிளாஸும் சேர்ந்து செய்த அந்த ஆட்டத்தில் கூம்பை விடக் கதவடைப்புதான் முக்கியம். சாதாரண ஆயுதத் திறன் 1 இருந்தால் கைத்துப்பாக்கி, 3 இருந்தால் ஷாட்கன், 6 இருந்தால் அசால்ட் ரைஃபிள். அந்தப் படியை எட்டாதவர் கையில் ஆயுதம் கிடைத்தாலும் அதைத் தூக்கிச் சுட முடியாது. ஆயுதங்கள் விரைவில் தேய்ந்து பழுதாகும் என்பதால் பழுது நீக்கவும் பராமரிக்கவும் தனித்திறன்கள் வேறு. கதை நடக்கும் விண்கப்பலெங்கும் எதிரிகள் திரியும்போது, கையிலிருக்கும் ரைஃபிளைப் பயன்படுத்தப் பயிற்சி போதவில்லை என்று ஆட்டம் மறுப்பது எரிச்சலூட்டும். ஆனால் விதி தெளிவானது. சுட்டபின் ஏமாற்றுவதை விடச் சுடுமுன் மறுப்பது நேர்மையானது.

அடுத்த ஆண்டு வந்த டியூஸ் எக்ஸ்தான் இந்த வரலாற்றின் நடுநாயகம். வாரன் ஸ்பெக்டர் தலைமையில் அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் அணி உருவாக்கிய இதில் கைத்துப்பாக்கி, ரைஃபிள், கனரக ஆயுதம் போன்ற ஒவ்வொரு திறனுக்கும் நான்கு படிகள்: பயிற்சியற்றவர், பயிற்சி பெற்றவர், முன்னேறியவர், வல்லவர். நாயகன் அசையாமல் நின்றால் திரையிலுள்ள குறிக்கோடுகள் மெல்ல மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று நகரும். நடந்தாலும் திரும்பினாலும் மறுபடி விலகும். பயிற்சி கூடினால் கோடுகள் விரைவாக நெருங்கும். பயிற்சியில்லாதவர் ஸ்னைப்பர் ஸ்கோப் வழியே பார்த்தால் காட்சியே தள்ளாடும்.

இதன் நுட்பம் அபராதத்தை நேரமாக மாற்றியதில் இருக்கிறது. குறைந்த திறனுள்ள பாத்திரமும் துல்லியமாகச் சுடலாம், நின்று நிதானிக்க நேரம் கிடைத்தால். ஆகவே தொடக்கத்தில் மறைந்திருந்து, காவலாளி திரும்பும்வரை காத்திருந்து, ஒரே தோட்டாவில் முடிக்கப் பழக வேண்டியிருக்கிறது. வல்லவர் ஆனபின் நேருக்கு நேர் மோதவும் துணியலாம். ஒரே எண் இரண்டு விதமான ஆட்டப் பாணியை உண்டாக்கிவிடுகிறது. திறன் புள்ளிகள் கொலைக்காக அன்றி இலக்கை எட்டுவதற்கும் இடங்களைத் துருவிப் பார்ப்பதற்கும் வழங்கப்பட்டதால், சுட்டுக்கொண்டே இருந்து திறனை வளர்க்கவும் வழியில்லை. பின்னால் வந்த பலரும் கோடுகள் நெருங்கும் அழகை எடுத்துக்கொண்டார்கள், இந்தச் சூழலை விட்டுவிட்டார்கள். டியூஸ் எக்ஸிலும் ஒரு முரண் உண்டு. நாயகன் ஜேசி டென்டன், உடலுக்குள் நுண்கருவிகள் பொருத்தப்பட்டுப் பயிற்சி முடித்து வந்த அரசாங்க ஏஜென்ட். அப்படிப்பட்டவன் முதல் பணியில் ரைஃபிளை ஏந்தித் தள்ளாடுவதற்குக் கதை எந்தக் காரணமும் சொல்வதில்லை. 2003-ல் வந்த அடுத்த பாகம் திறன் பட்டியலையே தூக்கிவிட்டது.

பகடை ஒளியாமல் வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதைப் பெதஸ்டா 2002-ல் வெளியிட்ட மாரோவிண்ட் காட்டியது. பறந்துபோன அம்பு எதிரியின் நெஞ்சில் படுவது கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு வில்திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், களைப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, பட்டதாகக் கொள்ளலாமா என்று ஆட்டம் முடிவு செய்யும். ஓடிக் களைத்த புதுமுகம் கைக்கெட்டும் தூரத்திலேயே தவறவிடுவான். கண் ஒன்று சொல்ல எண் இன்னொன்று சொன்னால் ஆட்டக்காரர் கண்ணைத்தான் நம்புவார். 2006-ல் வந்த ஆப்லிவியன் இதைத் திருத்தியது. அம்பு பட்டால் பட்டதுதான். திறன் எவ்வளவு காயம் என்பதை மட்டும் தீர்மானிக்கும். தேர்ச்சி ஏறினால் பார்வையை நெருக்கிக் குறிபார்க்கவும், எதிரியை அம்பாலேயே கீழே சாய்க்கவும் வழி கிடைக்கும். பின்வந்த ஆட்டங்கள் பலவும் இந்தப் பாதையிலேயே போயின.

அதற்கிடையே கூம்பு இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தது. ட்ராய்க்காவின் வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் (2004), புலனறிவையும் துப்பாக்கிப் பயிற்சியையும் கூட்டிக் குறியின் துல்லியத்தைக் கணக்கிட்டது. பயோவேரின் மாஸ் எஃபெக்ட் (2007) பயிற்சியற்றவர் கையில் ஸ்னைப்பர் ரைஃபிளைக் கட்டுக்கடங்காமல் ஆட வைத்தது. அப்ஸிடியன் உருவாக்கி 2010-ல் வந்த ஆல்ஃபா புரோட்டகால் வாங்கிய திட்டு அதிகம். அருகில் நிற்பவன் தலையில் குறிவட்டம் இருக்க, தோட்டா வேறெங்கோ போனது. நிதானமாகக் குறிவைத்துக் காத்திருந்தால் பேரடி விழும் என்பது அதன் விதி. ஆனால் கேமரா தோளுக்குப் பின்னால் நிற்கிறது, எதிரிகள் பாய்ந்து வருகிறார்கள். பார்வைக்கு அது அவசரமாகச் சுடும் ஆட்டம். விதி டியூஸ் எக்ஸினுடையது, வேகம் வேறு எதனுடையதோ.

கூம்பையும் குறியின் தள்ளாட்டத்தையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் உண்டு, இரண்டும் வேறு. கூம்பில் குறிவட்டம் அசையாது, தோட்டா விலகும். ஆட்டக்காரர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தள்ளாட்டத்தில் குறிவட்டமே அலையும், தோட்டா அது காட்டும் இடத்துக்கே போகும். அலையும் தாளத்தைக் கவனித்து, சரியான கணத்தில் விசையை அழுத்தினால் குறைந்த திறனையும் ஈடுகட்டிவிடலாம். முன்னது அதிர்ஷ்டம், பின்னது கடினம். ஆட்டக்காரர்கள் கடினத்தை மன்னிக்கும் அளவுக்கு அதிர்ஷ்டத்தை மன்னிப்பதில்லை.

இரண்டு தரப்புக்கும் தனித்தனி வாசல் வைத்த சமரசம் ஃபாலவுட் 3 (2008). நேரடியாகச் சுடும்போது திறன் சிதறலையும் காயத்தையும் பாதிக்கும். வாட்ஸ் என்ற வசதியை அழைத்தால் காலம் உறைந்து, எதிரியின் தலை, கை, கால் ஒவ்வொன்றின் மேலும் பழையபடி சதவீதம் தோன்றும். 1997-ன் பகடை தனி அறை எடுத்துக்கொண்டு வாழ்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வந்த ஃபாலவுட்: நியூ வேகாஸ், துப்பாக்கிக்குத் துப்பாக்கி உடல் வலுவும் திறனும் இவ்வளவு வேண்டும் என்று எழுதிவைத்தது. போதாவிட்டால் குறி ஆடும், ஆனாலும் சுடலாம். சிஸ்டம் ஷாக் 2-ன் கதவு இங்கே வேகத்தடையாக மாறியது.

இதே 2010-ல் மாஸ் எஃபெக்ட் 2 ஆயுதத் துல்லியத்துக்கான திறன்களை நீக்கியது. 2015-ல் ஃபாலவுட் 4 பழைய திறன் பட்டியலைக் கைவிட்டு, ரைஃபிள்மேன் போன்ற சலுகைகளால் காயத்தை முதல் படியில் 20 சதவீதம் கூட்டி, கடைசிப் படியில் இருமடங்கு ஆக்கியது. குறி இனி முழுக்க ஆட்டக்காரருடையது என்று தோன்றலாம். ஆனால் எண் போன இடம் எதிரியின் உடல். கியர்பாக்ஸின் பார்டர்லேண்ட்ஸ் (2009) இதை மறைக்கவே இல்லை: சுடச் சுடக் காயத்தின் எண்கள் திரையில் துள்ளிக் குதிக்கும், எதிரியின் லெவல் உயர்ந்திருந்தால் அதே தோட்டாவின் வலு குறையும். கேலிச்சித்திரம் போன்ற உலகம் என்பதால் அது பொருந்தியது. யுபிசாஃப்டின் த டிவிஷன் (2016) அதே கணக்கை நிஜம் போன்ற நியூயார்க் தெருவுக்குக் கொண்டுபோனபோது, தலைமூடிச் சட்டை போட்ட சாதாரண மனிதன் தலையில் மேகசின் மேகசினாக வாங்கிக்கொண்டு நின்றான். தோட்டாவை உறிஞ்சும் பஞ்சு என்று ஆட்டக்காரர்கள் கிண்டலடித்தார்கள். 2019-ல் இரண்டாம் பாகம் எதிரிகளுக்குக் கண்ணுக்குத் தெரியும் கவசம் மாட்டி, சுடச் சுட அது உடைந்து விழும்படி செய்தது. கணக்கு பெரிதாக மாறவில்லை, காரணம் தெரிந்தது.

செக் நாட்டு வார்ஹார்ஸின் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018) பழைய பாதைக்குத் திரும்பிய அபூர்வம். பதினைந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்து பொஹீமியாவில் ஒரு கொல்லன் மகன் வில்லைப் பிடிக்கிறான். திரையில் குறிவட்டமே கிடையாது, கற்றுக்கொள்ளும்வரை கை நடுங்கும். டியூஸ் எக்ஸில் உறுத்திய முரண் இங்கே இல்லை. அவன் போர்வீரன் அல்ல என்பது கதை தொடங்கும்போதே தெரியும்.

மைக் பாண்ட்ஸ்மித்தின் 1988 மேசை விளையாட்டிலிருந்து பிறந்த சைபர்பங்க் 2077 (2020), வெளியானபோது ஒவ்வொரு ஆயுதப் பயிற்சியும் பயன்படுத்தப் பயன்படுத்த உயரும்படி வைத்திருந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் அந்த அமைப்பைக் கலைத்துப் புதிதாகக் கட்டியது. அதில் சுடுவதற்கும் தெம்பு செலவாகும். தெம்பு தீரத் தீரச் சிதறல் கூடும்.