போர்த்துக்கேயர் ஆங்கிலம் பயின்ற வரலாறு: ஒரு நூலும் ஒரு பழியும்

ஆங்கிலேயருடன் நெடுங்கால உறவு பூண்ட நாடு போர்த்துக்கல். 1703ஆம் ஆண்டு மெதுவன் ஒப்பந்தம் போர்த்துக்கேய வைனுக்கு இங்கிலாந்திலும், ஆங்கிலக் கம்பளித் துணிக்குப் போர்த்துக்கலிலும் சந்தையை உறுதிப்படுத்தியது. 1807இல் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கவே, அரச குடும்பம் பிரித்தானியக் கடற்படையின் காவலுடன் பிரேசிலுக்குப் புறப்பட்டது. அடுத்த ஆண்டில் அந்நாட்டுத் துறைமுகங்கள் திறக்கப்பட, ஆங்கில வணிகர் அங்கே குவிந்தனர். 1809 யூன் 22ஆந் திகதிய அரச ஆணை ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஆசிரியர் பதவிகளை ஏற்படுத்திற்று.

அன்றாடச் சொற்களோ ஆணைகளுக்குக் காத்திருப்பதில்லை. ஆங்கிலத்தின் 'பீவ்', 'லஞ்ச்' என்பன 'பிஃபி', 'லஞ்சி' எனப் போர்த்துக்கேய நாவிற் படிந்தன. கதிரை, அலுமாரி, சப்பாத்து என்னும் போர்த்துக்கேயச் சொற்கள் ஈழத்தமிழிற் புகுந்ததும் இத்தகைய பழக்கத்தினாலேயே. ஆனால் மரபுத்தொடர் அவ்வாறு எளிதில் வருவதன்று. பெருமழையைப் போர்த்துக்கேயர் குடங்களாற் பொழிவதாகக் கூறுவர். ஆங்கிலேயரோ வாளிகளாற் பொழிவதாகக் கூறுவர். குடத்தை அப்படியே மொழிபெயர்த்தால் ஆங்கிலேயனுக்கு நகைப்பே எஞ்சும்.

அந்நகைப்புக்கு நிலையான இலக்கான நூலொன்று 1855இல் பாரிஸில் வெளியானது. போர்த்துக்கேய மாணவருக்கு ஆங்கில உரையாடலைக் கற்பிக்க எழுந்த அந்நூலின் முகப்பில் யோசே த பொன்சேகா, பேத்ரோ கரோலினோ என இரு பெயர்கள் காணப்பட்டன. சொற்றொகுதி, உரையாடல், கடிதம், மரபுத்தொடர் யாவும் அதிலுண்டு. பிழையற்ற ஆங்கிலந்தான் அரிது. பிழைகளின் ஊற்றுக்கண் யாது? வாயிலில் நெடுநேரம் காத்துக்கிடத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரொன்று, இந்நூலிற் சிறு குரங்கொன்றைக் கடித்து நொறுக்குவதாக மாறியுள்ளது. பிரெஞ்சு மூலத்தை அறியாதார்க்கு இது வெறும் பிதற்றலே. அறிந்தார்க்கோ வழி தெளிவாகிறது: பொன்சேகா முன்னர் வெளியிட்ட போர்த்துக்கேய-பிரெஞ்சு உரையாடல் நூலை எடுத்து, பிரெஞ்சு-ஆங்கில அகராதியின் துணையோடு சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கின்றனர். அக்காலக் கற்றோர்க்குப் பிரெஞ்சே உலகின் வாயிலாதலால் இவ்வழி விபரீதமாகத் தோன்றியிராது.

1883இல் இலண்டனிலும் பொஸ்ரனிலும் இது நகைச்சுவை நூலாக மறுபதிப்புப் பெற்றது. பொஸ்ரன் பதிப்புக்கு முன்னுரை வழங்கியவர் மார்க் ருவெயின். நகைப்பில் ஓர் அநீதியும் கலந்துவிட்டது. பொன்சேகா அகராதி ஆக்கிய அறிஞர். அவருக்கு இந்த ஆங்கிலப் பகுதியில் யாதொரு பங்கும் இருந்திராது என்பதே பிற்கால ஆய்வாளர் கருத்து. கரோலினோ அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார் எனக் கொள்வதே பொருத்தமாகும். இருப்பினும் பழி இருவருக்கும் சமமாகவே பங்கிடப்பட்டது.

எனினும் என் இரக்கம் பொன்சேகாவுடன் நின்றுவிடவில்லை. ஆங்கிலம் அறிந்தவன் அந்நூலைச் சிரித்துவிட்டு மூடலாம். பிழைப்புக்காக அதனை விலைகொடுத்து வாங்கி, வரிவரியாக மனனஞ் செய்த மாணவனுக்கு எந்த வரி தவறென அறியும் வழியே இருக்கவில்லை. அவனைப் பற்றி அந்த 1883ஆம் ஆண்டுப் பதிப்பாளர் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.