நான் பெயர் நீக்கிய பெண் பிள்ளைகளும் மறதி நோயும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் திருக்காட்டுப்பள்ளியில்தான் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. என் மாமியார் ஐம்பது வருடம் குடமுருட்டிப் படித்துறையில் குளித்தவர். ஒருநாள் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வேறொரு தெருவில் நின்றுகொண்டு, "எங்க வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அது டிமென்ஷியா என்னும் மறதி நோய் என்று தெரிந்தபோது அவருக்கு என் பெயரே நினைவில் இல்லை.

அவர் பள்ளிக்கூடத்துப் படி மிதித்ததில்லை. ஆனால் விதைநெல் எத்தனை மரக்கால், நடவுக்கு எத்தனை ஆள், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி எல்லாம் மனக்கணக்காகச் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதன் முதல் பக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறார். 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பரிசோதித்தார். 1906-ல் அந்த அம்மாள் இறந்ததும் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு மருத்துவர்கள் கூட்டத்தில் விளக்கினார். 1910-ல் எமில் கிரேப்ளின் தம் பாடநூலில் அதை 'அல்சைமர் நோய்' என்று எழுதினார். 51 வயது என்பதால், இது நடுவயதில் வரும் அபூர்வ நோய் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். முதியவர்களின் மறதி 'வயோதிகம்' என்ற கணக்கில் போய்விட்டது. இரண்டும் ஒரே நோய்தான், இது பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று 1976-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் எழுதிய பிறகே உலகம் விழித்தது. மருத்துவ உலகமே எழுபது வருடம் சொன்னதைத்தான் நாங்களும் மூன்று வருடம் சொல்லியிருக்கிறோம்.

இந்தியாவில் இந்த நோய்க்கென்று ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு 1992-ல் கேரளத்தில் தொடங்கியது. 1998-ல் கொச்சியில் நடந்த மாநாட்டில் '10/66' என்ற ஆய்வுக் குழு உருவானது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள்.

இங்கே ஒரு சிக்கல். மேல்நாட்டு நினைவாற்றல் தேர்வில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். எழுத்தே தெரியாதவர் நல்ல நினைவோடு இருந்தாலும் அதில் தோற்றுப்போவார். என் மாமியாரை நல்ல காலத்தில் சோதித்திருந்தாலும் தேறியிருக்க மாட்டார். 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் மேரி கங்குலி குழுவினர் தேர்வையே மாற்றினார்கள். எழுத வேண்டாம், உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார்கள். நோய் எது, படிக்காதது எது என்று பிரித்தறிய இப்படியெல்லாம் பாடுபட வேண்டியிருந்தது.

2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்வது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. தவிர்க்கக்கூடிய காரணங்களாக லான்செட் மருத்துவ ஆணையம் 2024-ல் சொன்ன 14-ல், இளமையில் போதிய கல்வி இல்லாததும் ஒன்று. படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது, பிற்காலத்தில் பழுது வந்தாலும் அது தாங்கிக்கொள்கிறது என்கிறார்கள். 1951 கணக்கெடுப்பில் நம் நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 27 பேர். பெண்கள் 9 பேர்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1980-களில் நான் பட்டயப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. "வயசுக்கு வந்துட்டா டீச்சர், இனிமே அனுப்ப முடியாது" என்பார்கள். குறுவை நடவு வந்தால், "தம்பியப் பாத்துக்க ஆள் இல்ல டீச்சர்" என்பார்கள். ஒன்றிரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசுவேன். பிறகு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் 'பெயர் நீக்கம்' என்று எழுதிவிடுவேன். அந்தப் பிள்ளைக்கு வேலை போயிற்று, வருமானம் போயிற்று என்று வருந்தியது உண்டு. முதுமைக்கான சேமிப்பையும் சேர்த்தே அடிக்கிறேன் என்று அன்று எனக்குத் தெரியாது.

1956-ல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் பிள்ளைகளை இழுத்துவந்தன. எட்டாம் வகுப்புவரை படித்த பெண்ணுக்குத் திருமண உதவி என்று 1989-ல் நம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திட்டம் வந்தது. 1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். இவையெல்லாம் மூளை நலத் திட்டங்களும்தான் என்று இன்று சொல்லத் தோன்றுகிறது.

நான் பெயர் நீக்கிய பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். சிலரைக் கடைத்தெருவில் பார்க்கிறேன். "டீச்சர்" என்று ஓடிவந்து கையைப் பிடிக்கிறார்கள். போன பள்ளிக்காலத்தைத் திருப்பித்தர முடியாது. ஆனால் அந்த 14-ல் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் இருக்கின்றன. இவற்றை இப்போதும் கவனிக்கலாம். ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்க மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். கவனித்தால் நோய் வரவே வராது என்றில்லை. ஆபத்து குறையும், அவ்வளவுதான்.

எனவே இப்போது அவர்களைப் பார்க்கும்போது, "பிரஷர் பார்த்தியாம்மா? காது சரியா கேக்குதா?" என்று கேட்கிறேன். டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்கள் வீட்டிலும் அம்மாவோ மாமியாரோ அத்தையோ இருப்பார்கள். அவர்களிடமும் கேளுங்கள். வழி தெரியாமல் நின்றால், "வயசாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.