உருக்கு ஒட்டும் உலை வெப்பமும்

கரம்பொன்னை அடுத்துள்ள ஊர்காவற்றுறை, பாய்க்கப்பல்களின் காலத்தில் பெயர்பெற்ற துறைமுகமாகும். அக்காலத்து மரக்கலத்தின் பலகைகள் ஆணியால் இணைக்கப்பட்டு, இடைவெளிகள் கலப்பற்று வேலையால் அடைக்கப்பட்டன. ஒரு பலகை வெடித்தால் அவ்வெடிப்பு அதன் விளிம்போடு நின்றுவிடும். தறையாணி அறைந்த இரும்புக் கப்பலுக்கும் இவ்வியல்பு பெரிதும் உண்டு. உருக்குத் தகடுகளை உருக்கி ஒட்டும் பற்றவைப்பு முறை வந்தபின் கலம் முழுவதும் ஒரே துண்டாயிற்று. வெடிப்புக்கு எல்லையும் இல்லாதொழிந்தது.

1943ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் போட்லன்ட் நகரத் துறையில் அமைதியாக நின்ற 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல் நடுவே முறிந்தது. போர்க்காலத்தில் இத்தகைய முறிவுகள் பல நேர்ந்தன. குளிரில் நொறுங்கும் உருக்கும், கூரிய மூலைகள் கொண்ட அமைப்பும் அவற்றுக்கு முதன்மைக் காரணங்கள். ஆயினும் ஒட்டினுள் ஒளிந்திருக்கும் தகைப்பும் அறிஞரின் கருத்தை ஈர்த்தது.

உருகிய ஒட்டு ஆறுகையில் சுருங்க முயல்கின்றது. சூழவுள்ள குளிர்ந்த தகடோ அதனைத் தடுக்கின்றது. இதனால் வெளிச்சுமை எதுவுமின்றியே உள்ளே பெருந்தகைப்பு தங்கிவிடுகின்றது. ஒட்டை அடுத்த பகுதி விரைந்து ஆறுவதால் கடினமாகி நொறுங்கும் தன்மையும் எய்தலாம். ஒட்டிய பொருளை மீண்டும் ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, தடிப்பில் 25 மில்லிமீற்றருக்கு ஒரு மணி என்ற அளவில் வைத்திருந்து, மெல்ல ஆறவிட்டால் தகைப்புத் தளரும். கடினப்பட்ட பகுதி பதப்படும். அடித்த இரும்பைச் சாம்பலிற் புதைத்து ஆறவிடும் கொல்லருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று.

எனினும், சூடாக்கினோம் என்பது வேறு, சூடேறிற்று என்பது வேறு. 1965ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் வூல்வர்ஹாம்ப்டன் நகரில், அமோனியா ஆலைக்கென ஆக்கப்பட்ட 149 மில்லிமீற்றர் தடிப்புள்ள உயரழுத்தக் கலமொன்று, நீரழுத்தச் சோதனையின்போது, குறித்த அழுத்தத்தை எட்டுமுன்னரே வெடித்தது. இரண்டு தொன் எடையுள்ள துண்டு 46 மீற்றர் தொலைவிற் போய் விழுந்தது. அக்கலம் 650 பாகையில் ஆறு மணி நேரம் பதப்படுத்தப்பட்டதாகவே கொள்ளப்பட்டிருந்தது. முறிந்த பகுதியின் மாதிரிகளை ஆய்வாளர் அதே வெப்பநிலையில் மீண்டும் சூடாக்கியபோது அவற்றின் உரம் வெகுவாக உயர்ந்தது. முன்னர் அப்பகுதிக்கு உரிய வெப்பம் கிட்டவில்லை என்பது இதனாற் புலனாயிற்று. ஏட்டிலுள்ளதை நிகழ்ந்ததாகவே நம்பிவிடலாகாது என்பது வரலாற்று மாணவருக்குப் பழகிய எச்சரிக்கை. இங்கு அதனை மெய்ப்பித்தது ஓர் உருக்குத் துண்டு.

தமிழகத்தில் இத்தொழில் வேரூன்றிய இடம் திருச்சிராப்பள்ளி. அங்கு 1960களில் செக்கோசிலோவாக்கிய உதவியுடன் 'பெல்' நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றியது. இத்துறையில் இன்று உலையின் வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொள்வது போதுமானதாகக் கருதப்படுவதில்லை. கலத்தின் உடலிலேயே பல இடங்களில் வெப்பவிணைகளைப் பொருத்தி, தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் தனித்தனியே எப்போது சூடேறின என்பதைப் பதிவுசெய்கின்றனர்.