மணமுறிவும் மக்கட் பொறுப்பும்

மணவினை எவ்வாறு நிகழவேண்டும் என்பதற்கு நம் முன்னோர் விரிவான முறைகளை வகுத்தனர். அம்மணம் முறிந்தால் வீடு யாருக்கு, பிள்ளை யாரிடம், சோற்றுக்கு வழி யாது என்னும் வினாக்களுக்கோ ஊர்ப் பெரியோர் வாய்மொழியே விடையாக இருந்தது. மலாயாத் தோட்டங்களிலும் அதுவே நிலை. கோயில் முன்றிலில் கூடிய பஞ்சாயத்து சொன்னதே தீர்ப்பு. கணவன் அதனை மீறினால் கேட்பார் இல்லை.

நாட்டுச் சட்டமும் அப்பெண்ணுக்குப் பெரிதும் துணை நிற்கவில்லை. 1952ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களுக்கே உரியது. வழக்காற்றின்படி நடந்த இந்து மணமோ ஆடவன் மற்றொருத்தியையும் மணக்க இடந்தந்தது; ஆதலின் அச்சட்டத்தின் வரம்புக்குள் அது வரவில்லை. கைவிடப்பட்டவள் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மணவிலக்குக் கேட்க இயலாது. மனைவியாகவும் வாழ முடியாமல், விடுதலையும் பெறாமல் நின்றோர் பலர்.

சிங்கப்பூர் இச்சிக்கலை 1961ஆம் ஆண்டு மாதர் சாசனத்தால் தீர்த்துக்கொண்டது. நம் நாட்டில் 1970இல் அமைக்கப்பெற்ற அரச ஆணையம் முஸ்லிம் அல்லாதாரின் மணச் சட்டங்களை ஆராய்ந்தது. அதன்பின் 1976இல் மணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்ததோ 1982 மார்ச்சு முதல் நாள்தான்! அன்று தொட்டு முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணமே சட்டமாயிற்று.

இச்சட்டத்தின் 76ஆம் பிரிவு சொத்துப் பங்கீடு பற்றியது. இருவர் உழைப்பால் சேர்ந்த சொத்தைச் சமமாகப் பகிர நீதிமன்றம் முற்படவேண்டும். ஒருவர் உழைப்பால் வந்ததாயின், ஈட்டியவர்க்கே பெரும்பங்கு. எனினும் இல்லத்தைப் பேணியவரின் பணியையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்றது சட்டம். சமையலும் பிள்ளை வளர்ப்பும் ஒரு முதலீடு என ஏட்டில் ஏறியது சிறு செய்தியன்று. ஆயினும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு என முடிந்த தீர்ப்புகளும் உண்டு. வீட்டுப் பத்திரத்தில் எவர் பெயர் இருந்ததோ அவரே ஈட்டியவர் எனக் கொள்வது எளிதன்றோ? 2017இல் நிறைவேறி 2018 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. மணவாழ்வு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதையும் எண்ணிப் பார்க்கச் செய்தது.

பிள்ளையைப் பொறுத்தவரை அதன் நலனே முதன்மை; பெற்றோர் விருப்பம் அதற்கு அடுத்தது. சிந்தித்துச் சொல்லும் வயதடைந்த பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நன்று என்பது 88ஆம் பிரிவின் ஊகம். தக்க சான்று காட்டி அதனை மறுக்கலாம். பழகிய இடத்தினின்று குழந்தையைப் பெயர்ப்பதன் தீமையையும் நீதிபதி நினைக்கவேண்டும். இன்னொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1961ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தில் தந்தையே பாதுகாவலர். தாய்க்கும் சம உரிமை தந்தது 1999ஆம் ஆண்டுத் திருத்தமே. பள்ளிப் படிவத்தில் தந்தையின் கையொப்பத்திற்காக அலைந்த தாய்மாரை அறிந்த எம்போன்ற ஆசிரியர்க்கு அதன் அருமை தெரியும்.

ஆசிரியர் உள்ளத்தைப் பெரிதும் உறுத்தியது வேறொன்று. உடல், உள்ளக் குறையுடைய பிள்ளைகளைத் தவிர, ஏனையோர்க்குப் பராமரிப்புப் பதினெட்டு வயதோடு முடியும் என்றது 95ஆம் பிரிவு. உயர்கல்விக்காக அதனை நீட்டிக்க முற்பட்ட தீர்ப்பும் இருந்தது. ஆனால் 2004இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டச் சொற்கள் அதற்கு இடந்தரவில்லை என முடிவு செய்தது. ஆறாம் படிவ மாணவன் இறுதித் தேர்வு எழுதுமுன்பே அந்த வயதைக் கடந்துவிடுகிறான். பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் வேளையில் தந்தையின் சட்டக் கடமை தீர்ந்துபோயிற்று! மேற்கூறிய திருத்தமே, உயர்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை பராமரிப்பு நீளலாம் என வழி திறந்தது. இடையே பதினான்கு ஆண்டுகள். அக்காலத்தில் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைத் திருத்தம் என்செய்யும்?

ஆணை பெறுவது ஒன்று, பணம் பெறுவது மற்றொன்று. கொடாதவன் ஊதியத்தில் முதலாளியே பிடித்தம் செய்து செலுத்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்கிறது. மாத ஊதியக்காரனிடம் அது செல்லும். நாட்கூலிக்கு ஊர் ஊராகச் செல்பவனிடமோ, தாய்தான் மீண்டும் நீதிமன்றம் ஏறவேண்டியிருக்கிறது, பிள்ளையின் பள்ளிப் பையோடு.