ஓலை, கல், கணினி

மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை நம்மூர்க்காரர்கள் அறிவார்கள். ஓலையில் எழுதிய ஆணையைக் கல்லிலும் வெட்டி வைப்பது அந்நாளைய வழக்கம். ஓலை மட்கினாலும் கல் நிற்கும். கல்லும் தேயும் என்றுதான் பிற்காலத்தில் கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகப் போய் மைப்படி எடுத்தார்கள்.

கணினி வந்ததும் வேறு சிக்கல். 1990களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் ஓர் எழுத்துரு. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. படி இருந்தால் போதாது, படிக்கவும் முடிய வேண்டும்.

பாத்தி கட்டுவது, உப்பு வாருவது பற்றி உப்பளப் பெரியவர்கள் சொன்னவற்றைக் குறித்துவைக்க மென்பொருள் தேடியபோது, இந்த இரண்டையும்தான் பார்த்தேன். ஜோப்ளினைத் தேர்ந்தேன். இலவசம், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இணையச் சேமிப்பு வழியாகக் கைப்பேசிக் குறிப்பு கணினிக்கும் வந்துவிடும். எல்லாவற்றையும் சாதாரண உரைக்கோப்புகளாக வெளியே எடுக்கலாம்; ஜோப்ளினே நின்றுபோனாலும் அவற்றைத் திறக்கலாம்.

ஒரு படி பென்டிரைவில், வெளியூரில் மகள் வீட்டில் இருக்கிறது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சொன்னவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்களிடம் மறுபடி கேட்க முடியாது.