நூறாண்டு உறங்கிய புகைவண்டியும் நம் ஊர் இயந்திரங்களும்

நம் முன்னோர் பேட்டைகளில் மகமை தண்டி, மாட்டு வண்டிகளிற் சரக்கேற்றி, வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகவே பயணஞ்செய்த காலத்தை இவ்விதழன்பர்கள் நன்கறிவர். 1876-ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றதும், அந்நாளில் விருதுபட்டியென வழங்கிய விருதுநகர் அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. 1927-இல் இங்கிருந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்கும் பாதை சென்றது. வண்டிமாடுகள் இழுத்த பாரத்தை நீராவி இழுத்தது; நம் வாணிகமும் பெருகிற்று. அந்த நீராவி இயந்திரங்களுக்கு நாம் செய்த கைம்மாறு யாதென ஒருவர் வினவின், விடை கூற நமக்கு நா எழாது.

எனினும், தமிழ்நாட்டிலேயே இக்கைம்மாற்றைச் செய்தாரும் உளர். அவர்கள் சென்னைப் பெரம்பூர் லோகோ பட்டறைத் தொழிலாளர்.

1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகரத்துக் கிட்சன் கம்பெனியார் கிழக்கிந்திய இரயில்வேக்கு இயந்திரங்கள் சில செய்தனுப்பினர். அவற்றுள் 21-ஆம் எண்ணுடையது ‘எக்ஸ்பிரஸ்’. 22-ஆம் எண்ணுடையது ‘பேரி குயின்’. இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் வண்டி ஓடியது 1856-இல். ஆகவே, இவ்விரண்டும் நம் நாட்டுப் புகைவண்டிக்கே தமக்கைமார். இரண்டும் 1909-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றன. பேரி குயின் ஹௌரா நிலையத்தின் புறத்தே காட்சிப் பொருளாய் நின்று, 1943-இல் சண்டௌசிப் பயிற்சிப் பள்ளிக்கும், பின்னர்த் தில்லி இரயில் காட்சிச்சாலைக்கும் சென்றது. எக்ஸ்பிரஸோ ஜமால்பூரிலும் ஹௌராவிலும் மழையிலும் வெயிலிலும் ஏறத்தாழ நூறாண்டு நின்றது.

1997-இல் பேரி குயினைப் பெரம்பூரார் ஓடச் செய்தனர். அது தில்லியிலிருந்து ஆள்வாருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டே, ஒழுங்காக ஓடும் புகைவண்டி இயந்திரங்களுள் மிகப் பழையதென உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் எக்ஸ்பிரஸும் அதே பட்டறைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், சுதந்தர தினத்தன்று, சென்னையில் ஆவி கக்கிக்கொண்டு ஓடிற்று.

இவ்வேலையின் அருமையைச் சிறிது சொல்லவேண்டும். பழைய நீராவி இயந்திரத்தின் உயிர்நிலை அதன் கொதிகலன். நெருப்பின் அனற்காற்று சென்ற குழாய்கள் துருவேறித் துளைபட்டிருக்கும். தகடுகள் உள்ளே அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும். தட்டிப் பார்த்தும் அளந்து பார்த்தும் கெட்டதை வெட்டி நீக்கிப் புதியது பொருத்துவர். பின்னர்க் கொதிகலனுள் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை செய்யும்போது இருக்கும் அழுத்தத்தினும் மிகுதியாக அழுத்திச் சோதிப்பர். நீர் அழுத்தத்தால் எளிதிற் சுருங்காத பொருளாதலின், தகடு விண்டாலும் நீர் பீறிடுமேயன்றிக் கலன் வெடித்துச் சிதறாது. அடைபட்ட ஆவி செய்யுங் கேட்டினைப் பட்டாசுத் தொழிலில் வாழும் நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இனி, ஆளின் அருமை. சித்தரஞ்சனில் 1972-ஆம் ஆண்டோடு நீராவி இயந்திரம் கட்டுவது நின்றது. 1995-ஆம் ஆண்டோடு அகலப்பாதையில் நீராவி வண்டிகளின் அன்றாட ஓட்டமும் ஒழிந்தது. ஆவியின் ஓசை கேட்டே பிணி இன்னதென்று சொல்லவல்ல தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றனர். இத்தகையோர் கைப்பழக்கம் ஏட்டில் அடங்காது. பாடஞ்சொல்லிப் பிழைக்கும் நாமே இதனை ஒப்புக்கொள்கின்றோம்.

நிற்க. பாதிக்குமேற் புதுப் பாகம் பொருத்தி, காற்றுத் தடையும் மின்விளக்கும் சேர்த்த பின்னர் அது பழைய இயந்திரந்தானோ என ஐயுறுவாருமுளர். தேர்ச்சக்கரமும் அச்சும் மாற்றியபின் அது நம் கோயில் தேரன்று என்பார் உண்டோ? துருவைத் தொடாது கண்ணாடிக்குள் வைத்தல் ஒரு வகைக் காப்பு. ஓட்டிக் காத்தல் மற்றொரு வகை. இரண்டாவதில் பொருளோடு தொழிலும் பிழைத்திருப்பதால் நாம் அதனையே உயர்ந்ததென்போம். ஆயினும், ஓட்டிவிட்டு அயர்ந்திருத்தலும் ஆகாது. 2011-இல் பேரி குயினின் பாகங்கள் பல களவுபோயினமை வெளிப்பட்டது. அதனை மறுபடியும் செப்பஞ்செய்ய நேர்ந்தது.

நீலகிரி மலைப்பாதையின் செய்தியும் இத்தகையதே. சுவிட்சர்லாந்து தேயத்து வின்டர்தூரில் செய்யப்பட்ட அம்மலை இயந்திரங்கள், பல்லுள்ள இருப்புப்பாதையைப் பற்றி ஏறுவன. அவற்றைப் பேணிவந்த திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பட்டறை, அதே அமைப்பிற் புதியனவற்றையும் தானே கட்டி 2011-ஆம் ஆண்டு முதல் அனுப்பிற்று.

இவற்றை இத்துணை விரித்தது நம் ஊரை நினைந்தேயாம். 1922-இல் திருவாளர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டு, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வருவித்துச் சிவகாசியில் தொழில் தொடங்கியதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். கையால் செய்வதே செலவு குறைந்ததெனக் கண்டு அவ்வியந்திரத்தைத் தொழில் கைவிட்டதையுஞ் சொல்வர். “அது எப்படியிருக்கும், ஐயா?” என்று அவர்கள் கேட்டால் எதனைக் காட்டுவது? தீப்பெட்டிச் சீட்டு அச்சிட வந்த கல்லச்சின் நிலையும் இதுவே. பவேரியச் சுண்ணக் கல்லின்மேல் நெய்மை கொண்டு எழுதி, நீர் தடவி, மை பூசி அச்சிட்ட அத்தொழிலை, துத்தநாகத் தகடும் ஆப்செட்டும் வந்து அகற்றின. அச்சுப்பொறிகள் பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு விற்கப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். இரும்பின் விலைதான் அவற்றின் விலை.

கல்விக்கூடங்களைக் கட்டி வளர்த்த மகமைக்கு ஒரு கல்லச்சுப் பொறி பெருஞ்செலவாகாது. தம் கிடங்கில் அத்தகைய பொறியோ, கல்லோ, தீக்குச்சி இயந்திரத்தின் பாகமோ வைத்திருக்கும் அன்பர்கள், விற்குமுன் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம். அதனை இயக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவரை முதலில் தெரிவிக்க; இரும்பு இன்னும் சில ஆண்டு பொறுக்கும்.