ஒளி மாற்றமும் சுழற்சிக் கணிப்பும்

ஞாயிற்றுத் தொகுதியின் புறவெல்லையில் இயங்கும் சிறுபொருள்கள் பெருந்தொலைநோக்கிகளிலும் பெரும்பாலும் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றுகின்றன. நிந்தவூர்க் கரையில் இரவில் நிற்பவருக்கு ஆழ்கடல் தோணியின் விளக்குத் தெரியுமேயன்றித் தோணியின் வடிவம் தெரியாது. வடிவம் தெரியாத புள்ளியொன்றின் சுழற்சியை மனிதன் கணித்தமை, ஒளியை எண்ணால் அளக்கக் கற்றதன் பயனாகும்.

அவ்வளவீட்டின் வரலாறு சென்னையோடும் தொடர்புடையது. ஐந்து ஒளித்தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்னும் அளவுகோலை 1856 இல் ஒக்ஸ்போட்டில் முன்மொழிந்தவர் நோமன் பொக்சன். 1861 இல் சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்ற அவர், அவ்வாண்டே 'ஏசியா' என்னும் சிறுகோளைக் கண்டறிந்தார். அங்கு பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867 இல் ஒளி மாறும் விண்மீனொன்றை இனங்கண்டார்.

பிற்காலச் சுழற்சிக் கணிப்புகள் பொக்சனின் அளவுகோலைக் கொண்டே எழுந்தன. 1930 இல் கண்டறியப்பட்ட புளூட்டோவின் ஒளி சிறிதளவு ஏறி இறங்குவதை அளந்த உவோக்கர், ஹார்டி ஆகியோர், அதன் சுழற்சிக் காலம் ஏறத்தாழ 6.39 நாள் என 1955 இல் நிறுவினர். அதன் மேற்பரப்பின் வெண்பகுதியும் கரும்பகுதியும் மாறிமாறித் தோன்றுவதே அம்மாற்றத்தின் காரணமாகும்.

எனினும் ஒளி மாற்றத்துக்கு மேற்பரப்பு மட்டுமன்றி வடிவமும் காரணமாகலாம். நீண்ட உருவமுள்ள பொருள் ஒருமுறை சுழலும்போது அதன் அகன்ற பக்கம் இருமுறை நம்மை நோக்கும். ஒளியும் இருமுறை மிகும். 2000 இல் கண்டறியப்பட்டு வருணன் பெயர் பெற்ற பொருளின் ஒளி 3.17 மணிக்கு ஒருமுறை 0.42 தர அளவில், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, மாறியது. நிறம் அதனுடன் மாறாமையால் வடிவமே காரணமெனத் துணிந்த ஜுவிற், ஷெப்பட் ஆகியோர், சுழற்சிக் காலம் 6.34 மணி என 2002 இல் அறிவித்தனர். காரணத்தை ஆராயாது எண்ணை மட்டும் நம்பியிருப்பின் விடை பாதியாகியிருக்கும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 2014 இல் கண்டறியப்பட்ட அரோகொத்தின் ஒளியில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆயின் 2019 ஜனவரி 1 இல் அதனைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், அது இரு பகுதிகள் ஒட்டிய நீளுருவம் என்பதையும் ஏறத்தாழ 15.9 மணியில் சுழல்வதையும் காட்டிற்று. சுழலச்சு ஏறக்குறைய நம்மை நோக்கியிருந்தமையால் ஒரே பக்கமே எப்போதும் தெரிந்தது. ஆகவே ஒளி மாறாமை சுழலாமைக்குச் சான்றாகாது. அளந்த எண்ணோடு அளக்கும் திசையையும் சேர்த்தே ஆய்வாளன் முடிவு காணவேண்டும்.